எஞ்சினின் அழுக்கைக் காணோம்

கணபதியில் இருக்கும் ஆறுச்சாமியின் லேத்துப் பட்டறைக்குள் நுழைந்து, தன் எஞ்சினைப் பார்த்ததும் ஞானாபரணம் போட்ட சத்தத்தில், எதிர்ப்பக்க பேக்கரியில் நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் வேறு டீ இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். சொந்த மாமனாருக்கே காசு வாங்காமல் டீ கொடுக்காத மனிதர் அவர். சத்தம் எவ்வளவு பெரியது என்பதை இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

“அழுக்கு எங்கப்பா? என்ற அழுக்கு எங்க?”

ஆறுச்சாமி ஒரு தட்டில் பொரியும் கடலையும் ஏந்தியபடி சிரித்த முகமாக வந்தார். “வாங்க சார், வாங்க. காரமடையில தங்கச்சி ஊட்ல எல்லாருஞ் சொகந்தானுங்களா? பூசைப் பொரி உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கறனுங்க.”

“பொரி கெடக்கட்டும். எஞ்சின் மேல இருந்த அழுக்கு எங்க போச்சு?”

“தொடச்சுப்போட்டமுங்க!” என்றார் ஆறுச்சாமி. இமயமலையைத் துடைத்து முடித்தவருக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது.

எஞ்சின் மூலையில் நின்றது. புதுக் கறுப்பு எனாமலில் அது மின்னிய மின்னலுக்கு ஞானாபரணம் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சக்கர விளிம்புகளில் ரத்தச் சிவப்பு. பித்தளை தெரிகிற இடமெல்லாம் புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கு மாதிரி மஞ்சள். வட்டமான முகத்தில் மூன்று பட்டை விபூதி, நடுவில் ரூபாய் அகலக் குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. எட்டுப் பெரிய சக்கரத்தின் கீழும் எட்டு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தன. டெண்டர் என்று சொல்கிற பின்பெட்டியில், கரி இருக்க வேண்டிய இடத்தில், சுண்டல்.

“ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு சந்தனப் பொட்டுங்க,” என்றாள் டிரில்லிங் மெஷின் ஓட்டும் அன்புச்செல்வி. “சக்கரத்துச் சந்துபொந்துல எல்லாம் டூத்பிரஷ் போட்டு நாந்தானுங்க தேச்சேன். என்னா கறைங்கறீங்க! மூணு பிரஷ்ஷு தேஞ்சே போச்சுங்க.”

ஞானாபரணம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தார்.

அவர் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் ஆயுசு முழுக்கக் கோடு போட்டு ரிட்டையர் ஆனவர். ஆன மறுவாரமே, யுத்த காலத்து இங்கிலாந்தில் கரியும் பீரங்கியும் இழுத்த 8F என்ற சரக்கு எஞ்சினை, அசலில் பதினொன்றில் ஒரு பங்கு அளவில், ஒரு ஆணி குறையாமல் செய்யப்போவதாக அறிவித்தார். பதினொன்றில் ஒரு பங்குதானே, ஷோகேஸில் அடங்கிவிடும் என்று மனைவி அற்புதமும் சரி என்றுவிட்டார். அது வளர்ந்து வளர்ந்து ஐந்தரை அடி நீளத்தில், நான்கு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்தால்தான் அசைகிற எடையில் வந்து நின்றது. மாடி வீட்டுக்கு எங்கே ஏற்றுவது? பிறந்த இடமான ஆறுச்சாமியின் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

எஞ்சின் முடிந்த பிறகுதான் ஞானாபரணத்துக்கு உண்மையான வேலையே ஆரம்பித்தது. சரக்கு எஞ்சின் என்றால் அழுக்காக இருக்க வேண்டும். பயணிகள் வண்டியை இழுக்கிற எஞ்சினைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்ட ஆள் இருந்தது. ராப்பகலாகச் சரக்கு இழுத்த எஞ்சினைத் துடைக்க அந்த நாட்டில் ஒரு கை இல்லை. ஆகவே இரும்புத் தூளை வினிகரில் ஊறவைத்துத் துரு செய்தார். டீ டிகாக்‌ஷனைச் சுண்டக் காய்ச்சி எண்ணெய்க் கறை செய்தார். சிம்னி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் புகை ஏற்றினார். சுண்ணாம்பை ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷில் தொட்டு, பாய்லரிலிருந்து தண்ணீர் வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடுகளை பூதக்கண்ணாடி வைத்து வரைந்தார். எஞ்சினைச் செய்ததைவிட அழுக்குச் செய்ததற்குத்தான் அதிக காலம் பிடித்தது. ஓட்டுநர் ஏறி இறங்கும் கைப்பிடிக்குப் பக்கத்தில், இல்லாத ஓர் ஓட்டுநரின் எண்ணெய்க் கைரேகையைக்கூட வைத்திருந்தார்.

அதைத்தான் அன்புச்செல்வி முதல் பிரஷ்ஷில் தேய்த்திருந்தாள்.

“யாரைக் கேட்டுத் தொடச்சீங்க?” என்று எழுந்தார்.

“என்னங்க சார் இது, ஆயுத பூசைக்கு மெசினைத் தொடைக்கக் கேட்டுக்கிட்டா இருப்பாங்க?” ஆறுச்சாமிக்கு இன்னும் விளங்கவில்லை. “பட்டறைல ஒரு ஸ்பேனர் அழுக்கா இருந்தாக்கூட வருசம் முச்சூடும் வெளங்காதுங்க. இதுல உங்க எஞ்சின் வேற மாசா மாசம் துருப்புடிச்சுக்கிட்டே போகுது. சார் மனசு சங்கடப்படுமேன்னு நான் வாயே தொறக்கல. நீங்க வர்றதுக்குள்ள புதுசாக்கிப்போடலாம்னு பசங்க எல்லாம் லீவுல வந்து வேலை பாத்தாங்க.”

“அது துரு இல்ல! பெயிண்ட்டு!”

“என்னதுங்க?”

“நானே கலக்கி, நானே அடிச்ச பெயிண்ட்டு. துரு, கறை, புகை, உப்பு, அத்தனையும்!”

பட்டறையில் கம்ப்ரசர் நின்றது. ஆறுச்சாமி பொரித்தட்டை லேத்தின் மேல் வைத்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போனது.

“அழுக்கைப் பெயிண்ட் அடிச்சீங்களா?”

“ஆமா.”

“எம்பட பட்டறைல? நல்லாருந்த மெசினுக்கு?”

“சரக்கு எஞ்சின் அப்படித்தான்யா இருக்கும்! கரி இழுத்துச்சு, பீரங்கி இழுத்துச்சு, மழைலயும் பனிலயும் வெளியவே நின்னுச்சு.”

“அது இழுத்துச்சுங்க சார். இது என்னத்தை இழுத்துச்சு?”

 

ஆறுச்சாமிக்குக் கோபம் ஏறிவிட்டது. ஞானாபரணத்தின் கோபத்தைவிட இது தாமதமாக வந்தாலும் கனமாக வந்தது. “இந்த லேத்தைப் பாருங்க. பூசை முடிஞ்சு மறுநாளே எப்படி அழுக்கு ஏறிருக்குது பாருங்க. சம்பாரிச்ச அழுக்குங்க இது. நீங்க வேலைக்கே போகாதவனுக்குச் சட்டைல கிரீஸைத் தடவி உட்ருக்கறீங்க. பாய்லர் வெச்சீங்க. பம்பு வெச்சு அழுத்தம் ஏத்தி டெஸ்ட்டெல்லாம் பண்ணுனீங்க. ஏனுங்க சார் ஒரு நாளும் பத்த வெக்கல?”

இந்தக் கேள்வியை இத்தனை காலம் யாரும் கேட்டதில்லை.  

“புகை பட்டா…” என்று ஞானாபரணம் ஆரம்பித்தார்.

“பட்டா?”

“நான் அடிச்ச புகைக்கறை கெட்டுப்போகும்.”

அன்புச்செல்வி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். ஒரு லேத்துக்காரர் மெஷினுக்குப் பின்னால் குனிந்து, கீழே விழாத ஒரு போல்ட்டை வெகுநேரம் தேடினார். ஞானாபரணம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

வீட்டுக்கு வந்ததும் அற்புதத்திடம், போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

“ஏனுங்க, என்னன்னு எழுதிக் குடுப்பீங்க? அழுக்குக் காணாமப் போச்சுன்னா?”

“அத்துமீறல்னு எழுதுவேன்.”

“அப்பறம் அவங்க கண்டுபுடிச்சு ஒரு கவர்ல போட்டுக் கொண்டாந்து குடுப்பாங்களாக்கும்.” அற்புதம் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னார். “அந்த மனுசன் லீவு நாள்ல ஆளைக் கூட்டியாந்து தேச்சிருக்கறாரு. எனக்குத் தெரிஞ்சு இத்தனை வருசத்துல நம்ம ஊட்டுப் பாத்திரத்தை அப்படி ஒருத்தருந் தேச்சதில்லைங்க.”

“சனிக்கெழமை ஜெப்ரி வாரான், அற்புதம்!”

அவரை உறுத்திய முள் அதுதான். ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டராக இருக்கும் ஜெப்ரிதான் ரயில் மாடல் சங்கத்துக்குச் செயலாளர். கறை என்று எதைக் கண்டாலும் சுரண்டி எடுப்பது அவர் தொழில். குணமும் அதுவே ஆகிவிட்டது. சங்கம் வருடா வருடம் நடத்தும் கண்காட்சியில், ஹாலின் நடு மேசை ஜெப்ரியின் எக்ஸ்பிரஸ் எஞ்சின்களுக்கு. வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வாங்கிய பச்சையும் நீலமும் தங்கக் கோடுமான எஞ்சின்கள். கண்ணாடிக் கூண்டு, மேலே விளக்கு, சுற்றிலும் கயிறு. சரக்கு எஞ்சின் எவர் கொண்டுவந்தாலும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைதான். கை கழுவுகிறவர்கள் உதறும் தண்ணீர் மேலே தெறிக்கும். “சரக்கு எஞ்சின் அழுக்குன்னு சொல்றது, பெயிண்ட் ஒழுங்கா அடிக்கத் தெரியாதவங்க சொல்ற சாக்கு,” என்று ஜெப்ரி ஒரு கூட்டத்தில் மைக்கில் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஞானாபரணம் போட்ட சண்டையில் மைக் வயர் அறுந்தது. ‘நாட்டுக்குச் சோறு போட்டது சரக்கு வண்டி, மேசை மட்டும் மினுக்கிக்கா?’ என்று கேட்டார். கடைசியில் ஜெப்ரி ஒப்புக்கொண்டார்: சனிக்கிழமை பட்டறைக்கு வந்து பார்ப்பார், தகுதி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நடு மேசை. இப்போது இந்தக் கல்யாணக் கோலத்தில் எஞ்சினைக் காட்டினால் ஜெப்ரி என்ன சொல்வார்? ‘கடைசியில நீங்களும் தேச்சுட்டீங்க போல’ என்பார். அதைக் கேட்பதற்குப் பதிலாக, ஜெப்ரியிடமே போய் மயக்க ஊசி இல்லாமல் எல்லாப் பல்லையும் பிடுங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது ஞானாபரணத்துக்கு.

மறுநாள் காலையில் பட்டறை வாசலில் நின்றார். முகத்தை மட்டும் உம்மென்றே வைத்திருந்தார்; கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரும்போது அது ஒன்றுதான் கைவசம் இருக்கிறது.

“பத்த வெக்கலாம்,” என்றார்.

“அப்படி வாங்க சார் வழிக்கு!” ஆறுச்சாமி நேற்றைய கோபத்தை அங்கேயே உதறிப்போட்டார். “வெள்ளகோவில்ல மச்சான் தொட்டிக்கரி சூளை வெச்சிருக்கறான். தேங்காத்தொட்டிக் கரி, நின்னு எரியுமுங்க.”

“அதுல புகையே வராதேப்பா.”

“வராதுங்களா? அப்பச் சரி, திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லருக்குப் போற நெலக்கரி ஒரு மூட்டை சொல்றேன். அது எரிஞ்சா ஈரோட்டுக்காரன் இருமுவானுங்க.”

மூட்டை வருவதற்குள் பட்டறைக்குப் பின்னால் காம்பவுண்டு ஓரமாகத் தண்டவாளம் போட்டார்கள். ஆங்கிள் இரும்பைக் கட்டையில் அடித்து, ஐந்து அங்குல அகலத்தில், வேப்பமரம் வரைக்கும் ஒரு நேர்கோடு. அன்புச்செல்வி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து டெண்டரில் ஊற்றப் போனாள்.

“அம்மணி, நில்லு! அது எந்தத் தண்ணி?”

“சிறுவாணிங்க சார். நல்ல தண்ணி.”

“ஐயையோ, அதுல என்ன உப்பு இருக்கும்? வழிஞ்சா ஒரு கோடு உளுகாது. போர் தண்ணி புடிச்சுட்டு வா. எவ்வளவு உப்புக் கரிக்குதோ அவ்வளவு நல்லது.”

கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு போர் தண்ணீர் கேட்ட முதல் மனிதர் ஞானாபரணம்தான். அன்புச்செல்வி அவரைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் எஞ்சின் இருமியது, துப்பியது, நகரவில்லை. இரண்டு இடத்தில் ஆவி கசிந்தது; அதை அடைத்ததும் மூன்றாவதாக ஓர் இடம் தேடிக்கொண்டது. மறுநாள் ஆவி அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பாதி வட்டம் ஏறியதும் ஞானாபரணம் பின்னால் கோத்திருந்த டிராலியில் காலை விரித்து உட்கார்ந்து, ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் கைப்பிடியை மெல்ல இழுத்தார். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு நகர்ந்தது. ஒரே ஆளை அல்ல, அவரையும் ஆறுச்சாமியையும் இரண்டு லேத்துக்காரர்களையும் சேர்த்து வேப்பமரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. மரத்தில் இருந்த காக்கைகள் சூலூர் வரைக்கும் போய்த்தான் நின்றன.

“விசில் அடிங்க சார்! விசில்!” என்று ஆறுச்சாமி பின்னாலிருந்து கத்தினார்.

அடித்தார். கணபதி முழுக்கக் கேட்டது. வயசு அறுபத்தாறும் டிராலியை விட்டு இறங்கி ஓரமாக நின்றுகொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஞ்சினைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தபோதுதான் ஞானாபரணத்துக்கு மறுபடி கோபம் வந்தது. எண்ணெய் தெறித்திருந்தது, ஆனால் அவர் வரைந்திருந்த இடத்தில் ஒரு சொட்டும் தெறிக்கவில்லை. போர் தண்ணீர் வெள்ளைக் கோடு போட்டிருந்தது; ஆனால் நேராக வழியாமல், ஓடும்போது காற்றில் சாய்ந்து, பின்பக்கமாகச் சிதறியிருந்தது. புகையோ முகப்பில் படியாமல் ஓட்டுநர் நிற்கும் அறையின் கூரை மேல்தான் கனமாகப் படிந்திருந்தது. அவர் ஒன்றே கால் வருடம் பூதக்கண்ணாடி வைத்து வரைந்த அத்தனையும், நிற்கிற வண்டியை வைத்து யோசித்த அழுக்கு.

“இந்த எஞ்சின் வேணும்னே பண்ணுது,” என்றார்.

“ஓடற வண்டி அது இஷ்டத்துக்குத்தானுங்க அழுக்காகும்,” என்றார் ஆறுச்சாமி. “உங்களைக் கேட்டுக்கிட்டா?”

சனிக்கிழமை டாக்டர் ஜெப்ரி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ. காரிலிருந்து இறங்கும்போதே மூக்கைச் சுருக்கினார். எஞ்சின் தண்டவாளத்தின் மேல் நின்றது. ஜெப்ரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஞானாபரணம், தப்பா எடுத்துக்காதீங்க. அழுக்கு ஓவர். இந்த வெள்ளைக் கோடு பாருங்க, தண்ணி எங்கயாச்சும் பக்கவாட்டுல வழியுமா? கொஞ்சம்கூட நேச்சுரலா இல்லை. கலர் கலந்தது சரியில்லை.”

ஞானாபரணத்தின் காதில் இரண்டு பக்கமும் விசில் அடித்தது. அவர் வாய் திறப்பதற்குள் ஆறுச்சாமி முந்திக்கொண்டார். “கலர் கலந்தது போர் தண்ணிங்க டாக்டர். சத்தம் போடோணும்னா நெலத்தடி நீரைத்தான் போடோணும்.”

ஜெப்ரி அதைக் கவனிக்கவில்லை. புகைபோக்கியின் அடியில் குனிந்திருந்தார். “ஆனா இங்க ஒரு சிவப்பு இருக்குது பாருங்க, கருகின சிவப்பு, இது அருமை. இதுதான் அசல் துரு. இதை எப்படிக் கொண்டுவந்தீங்க?”

பூசைக்கு வைத்த குங்குமம் சூட்டில் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி மறுபடி துப்பட்டாவைத் தேடினாள்.

“தொட்டுப் பாருங்க டாக்டர்,” என்றார் ஞானாபரணம்.  “என்ற அழுக்கு நேச்சுரலா இல்லையாமா. தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க!”

ஜெப்ரி சுண்டுவிரலால் பாய்லரைத் தொட்டார்.

“ஆவ்! சுடுது!”

“சுடாம? உள்ள நெருப்பு இருக்குது. காலைல இருந்து ஓடிக்கிட்டுதான் இருக்குது.”

ஜெப்ரி சூடுபட்ட விரலை வாயில் வைத்தார். எடுத்தபோது உதட்டில் ஒரு கறுப்பு மீசை முளைத்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இத்தனை எஞ்சின் வைத்திருந்தும், எஞ்சின் சுடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவர் மாதிரி நின்றார். “இது… ஓடுமா?”

“உக்காருங்க,” என்றார் ஆறுச்சாமி.

“பேண்ட் வெள்ளையா இருக்குதே.”

“வெள்ளையாத்தானுங்க இருக்குது. அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன்.”

ஜெப்ரி உட்கார்ந்தார். வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பினார். இன்னொரு தடவை போனார். மூன்றாம் தடவை அவரே கரி அள்ளிப் போட்டார். இறங்கும்போது வெள்ளை என்று சொல்லிக்கொள்ள அவரிடம் பல் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“அப்ப, நடு மேசை?” என்றார் ஞானாபரணம்.

“மேசை முடியாதுங்க.”

“என்ன?”

“நெருப்பு, எண்ணெய், புகை. ஹாலுக்குள்ள எப்படி உடுவாங்க? வாசல்ல தண்டவாளம் போடுங்க, கேட்டுல இருந்து படி வரைக்கும். இதைத் தாண்டித்தான் ஒவ்வொருத்தரும் உள்ள வரணும்.”

“எனக்கு மேசைதான் வேணும்! மேசைக்குத்தான் சண்டை போட்டேன்! இத்தனை வருசம் சரக்கு எஞ்சினைக் கை கழுவற எடத்துல வெச்சீங்க, இப்பத் தெருவுக்கே தள்றீங்களா?” ஞானாபரணம் பொரிந்து தள்ளினார். பட்டறையின் தகரக்கூரை ஒரு சாண் மேலே எழும்பி உட்கார்ந்தது. ஆறுச்சாமிதான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “சார், சித்தெ யோசிங்க. மேசை மேல ஏறி உக்காந்து ஓட்ட முடியுமுங்களா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரம் ஹால் வாசலில் நின்ற கூட்டத்தால் டி.பி. ரோடு வரைக்கும் ஆட்டோக்கள் தேங்கின என்று அற்புதம் இன்றைக்கும் சொல்கிறார். அதில் பாதி உண்மையாக இருந்தாலும் போதும். உள்ளே நடு மேசையில் விளக்கு எரிந்தது, எக்ஸ்பிரஸ் எஞ்சின்கள் தங்கக் கோட்டோடு மின்னின, பார்க்கத்தான் ஆள் இல்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியில் வாட்ச்மேன் தூங்கினார். வெளியே கேட்டிலிருந்து படி வரைக்கும் அழுக்கு எஞ்சின், டிராலி நிறைய ஆட்களை இழுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு கறை கூடியது. ஆறுச்சாமி வெள்ளை வேட்டியில் நின்று, வருகிறவர்களை எல்லாம் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல வரவேற்றார்.

இத்தனை இருந்தும் ஞானாபரணம் படிக்கட்டில் நின்று கொதித்துக்கொண்டிருந்தார்.

காலையில் முதல் நடை மட்டும் அவர் ஓட்டினார். ‘ஒரே ஒரு தடவை’ என்று கேட்டு ஏறிய டாக்டர் ஜெப்ரி, மத்தியானம் ஆகியும் இறங்கவில்லை. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு, கேட்டுக்கு ஒரு விசில், படிக்கு ஒரு விசில், போகிற அம்மணிகளுக்கு ஒரு விசில் என்று அடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருத்தர் அவரிடம், “ஏனுங்க, நீங்களே செஞ்ச எஞ்சினுங்களா?” என்று கேட்டார். ஜெப்ரி சிரித்தாரே தவிர, இல்லை என்று சொன்னதாக ஞானாபரணத்தின் காதில் விழவில்லை.

“டாக்டர்!” என்று கத்தினார். “எறங்குங்க! என்ற எஞ்சினுங்க அது!”

“இதோ, இந்த ஒரு நடை!” என்று ஜெப்ரி கையை ஆட்டிவிட்டு, படியருகே வந்தும் நிறுத்தாமல், ரிவர்ஸ் கம்பியைத் தள்ளிப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போனார். ஞானாபரணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாகத் துரத்தினார். கூட்டம் அவருக்கு வழிவிட்டுக் கைதட்டியது.